ஒரு சந்தா, ஒரு வாக்கு: ஸ்வீடன் கால்பந்து லீக் யார் கையில் இருக்கிறது?

2024 ஏப்ரலில் ஸ்வீடன் கால்பந்துச் சங்கம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. களத்தில் நடுவருக்கு வீடியோ வழியே உதவும் வி.ஏ.ஆர். முறையை நாட்டின் முதல்நிலை லீக்கான அல்ஸ்வென்ஸ்கானில் இப்போதைக்குக் கொண்டுவரப் போவதில்லை என்றது அது. ஐரோப்பாவின் பெரிய, நடுத்தர லீகுகளில் ஏறக்குறைய எல்லாமே அதற்குள் அந்த முறைக்கு மாறிவிட்டிருந்தன. ஸ்வீடனிடம் பணம் இல்லாமல் இல்லை. சங்கத்தின் தலைமைக்கு விருப்பம் இல்லாமலும் இல்லை. ஆனால் மேல் இரண்டு நிலைகளில் ஆடும் 32 கிளப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை வேண்டாம் என்றுவிட்டன. அந்தக் கிளப்புகளை அப்படிச் சொல்ல வைத்தவர்கள் அவற்றுக்குச் சந்தா கட்டும் உறுப்பினர்களான ரசிகர்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்து, வாக்கெடுப்பு நடத்தி, தங்கள் நிர்வாகக் குழுவுக்குக் கட்டளையாகவே அதைக் கொடுத்திருந்தார்கள்.

அப்போது கால்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்தவர் ஃப்ரெட்ரிக் ரைன்ஃபெல்ட். எட்டு ஆண்டுகள் நாட்டின் பிரதமராக இருந்தவர். அவராலும் கேலரியில் நிற்கும் கூட்டத்தை மீறிப் போக முடியவில்லை என்பது இந்த லீக்கைப் பற்றி நிறையச் சொல்கிறது.

ரசிகர்களின் வாதம் எளிமையானது. கோல் விழுந்த அந்த நொடியில் கத்திக் கொண்டாட முடியாமல், எங்கோ ஓர் அறையில் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவர் கோடு போட்டுப் பார்த்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டுமானால் மைதானத்துக்கு வருவதே எதற்கு என்று கேட்டார்கள். நடுவர் தவறு செய்வார்; செய்துவிட்டுப் போகட்டும். இதை ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். ஒரு தவறான ஆஃப்சைடு முடிவால் பட்டத்தையே இழக்கும் அணியின் பயிற்சியாளர் நிச்சயம் வேறு மாதிரிப் பேசுவார். ஆனால் முடிவு யாருடையது என்பதில் ஸ்வீடனில் குழப்பம் கிடையாது.

அதற்கு அடிப்படை, அங்கே 51 சதவீத விதி என்று அழைக்கப்படும் ஏற்பாடு. ஸ்வீடனில் விளையாட்டுக் கிளப்புகள் தொடக்கத்திலிருந்தே உறுப்பினர் சங்கங்களாகத்தான் இருந்துவந்தன. மதுவிலக்கு இயக்கம், தொழிற்சங்கம், சுயாதீன திருச்சபைகள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டில் தழைத்த மக்கள் இயக்கங்களின் வார்ப்பிலேயே விளையாட்டும் அமைந்தது. சந்தா கட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. 1990களில் பெரும்பணம் கால்பந்துக்குள் நுழைந்தபோது, கிளப்புகள் நிறுவனமாக மாற அனுமதிக்க வேண்டும் என்ற நெருக்கடி எழுந்தது. 1999இல் நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு அதை அனுமதித்தது, ஆனால் ஒரு கடிவாளத்தோடு: நிறுவனத்தில் வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். முதலீட்டாளர் பணம் போடலாம், பங்கு வாங்கலாம், நிர்வாகக் குழுவில் உட்காரலாம். கடைசிச் சொல் அவருடையதாக இருக்காது. ஜெர்மனியிலும் இதை ஒத்த விதி உண்டு. ஆனால் லெவர்கூசன், வோல்ஃப்ஸ்புர்க் போன்ற, தொழிற்சாலைகளின் ஆதரவில் வளர்ந்த ஆலை அணிகளுக்கு அங்கே விலக்குக் கிடைத்தது. ஸ்வீடன் அப்படியான கதவைத் திறக்கவில்லை. 2013இல் விதியையே நீக்கும் முயற்சி நடந்தபோது, ஜென்மப் பகையாளிகளான ரசிகர் குழுக்கள் கூட ஒரே அணியில் நின்றன. விதி தப்பியது.

இந்த விதி நடைமுறையில் என்ன செய்யும் என்பதற்கு ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சின் கதை நல்ல சான்று. மால்மோ நகரில் பிறந்து, மால்மோ கிளப்பில் வளர்ந்து, 2001இல் நெதர்லாந்தின் ஆயாக்ஸ் கிளப்புக்குப் போனவர். 2019 அக்டோபரில் மால்மோ மைதானத்துக்கு அருகே அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். அடுத்த மாதமே ஸ்டாக்ஹோமின் ஹம்மர்பி கிளப்பில் கிட்டத்தட்ட கால் பங்கை அவர் வாங்கினார். மால்மோ ரசிகர்களுக்கு இது துரோகம். சிலையின் மூக்கை அறுத்தார்கள்; 2020 ஜனவரியில் கணுக்காலோடு அறுத்துச் சாய்த்தேவிட்டார்கள். இதில் பலர் கவனிக்காமல் விட்டது, ஹம்மர்பி பக்கத்துக் கதை. நாட்டின் மிகப் புகழ்பெற்ற விளையாட்டு வீரர், உலகம் முழுவதும் அறிந்த பெயர், பையில் பணத்தோடு வந்து நின்றபோதும் சிறுபான்மைப் பங்குக்கு மேல் அவரால் எதையும் வாங்க முடிந்திருக்காது.

பக்கத்து நாடான நார்வேயிலும் கிளப்புகள் உறுப்பினர்களுடையவைதான். ஆனால் அங்கே 2023இல் வி.ஏ.ஆர். வந்தபோது உறுப்பினர்களைக் கேட்டுச் செய்யவில்லை. எதிர்ப்பு பின்னாலேயே வந்தது. 2024 ஜூலையில் ரோசன்போரி, லில்லெஸ்ட்ரம் அணிகள் மோதிய ஆட்டத்தில் ரசிகர்கள் மீன் வடைகளையும் டென்னிஸ் பந்துகளையும் களத்துக்குள் எறிந்தார்கள், ஆட்டமே கைவிடப்பட்டது. 2025 ஜனவரியில் நார்வேயின் மேல்நிலைக் கிளப்புகள் 19க்கு 13 என்ற கணக்கில் முறையை நீக்கப் பரிந்துரைத்தன. ஆனால் மார்ச்சில் கூடிய சங்கப் பொதுக்கூட்டம் 321க்கு 129 என்று அதைத் தக்கவைத்துக்கொண்டது. கீழ்நிலைக் கிளப்புகளும் மாவட்டப் பிரதிநிதிகளும் நிறைந்த அவை அது. முதலில் கேட்டுச் செய்வதற்கும் செய்துவிட்டுக் கேட்பதற்கும் உள்ள தூரம் இதில் தெரிகிறது.

கேலரியின் அதிகாரத்துக்கு இருண்ட பக்கமும் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் ரசிகர் மன்றத் துண்டறிக்கையாகிவிடும். 2014 சீசனின் தொடக்க நாளில் ஹெல்சிங்போரி நகரில் தாக்கப்பட்டு, ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன் கிளப் ரசிகர் ஒருவர் உயிரிழந்தார். ஆட்டம் பாதியில் நின்றது. மத்தாப்பு, புகைக்குண்டு விவகாரங்கள் ஆண்டுதோறும் கிளப்புகளுக்கு அபராதத்தைக் கொண்டுவருகின்றன. அவற்றைக் கட்டுவது அதே உறுப்பினர்களின் பணம். காவல்துறைக்கும் ரசிகர் குழுக்களுக்கும் இடையிலான இழுபறி அரசியல் பிரச்சினையாகவே நீடிக்கிறது. இருந்தும் மைதானங்கள் நிறைகின்றன. ஒரு கோடிக்குச் சற்றே அதிகமான மக்கள்தொகை கொண்ட நாட்டில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்தாயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். 2001இல் ஒரே ஒருமுறை பட்டம் வென்ற ஹம்மர்பிதான் கூட்டம் சேர்ப்பதில் முன்னால் நிற்கிறது. சீசனின் முதல் சொந்த மைதான ஆட்டத்தன்று ஸ்டாக்ஹோமின் தெற்குப் பகுதியிலிருந்து பச்சை வெள்ளைத் துண்டு அணிந்த ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்கு ஊர்வலமாகவே நடந்து செல்வார்கள்.

லீக் தொடங்கியது 1924இல். பன்னிரண்டு அணிகள். முதல் சீசனை வென்றது கோதன்பர்க் நகரின் காய்ஸ். விசித்திரம் என்னவென்றால், ஆரம்பத்தில் லீக்கை வென்றவருக்குத் தேசிய சாம்பியன் என்ற பட்டம் கிடையாது; 1931 முதல்தான் இரண்டும் ஒன்றாயின. பின்னர் 1980களில் லீக் முடிந்தபின் முன்னணி அணிகளுக்குள் பிளே-ஆஃப் ஆட்டங்கள் வைத்துச் சாம்பியனைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் காலத்தில் மால்மோ 1985 தொடங்கித் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் லீக்கில் முதலிடம் பிடித்தும், சாம்பியன் ஆனது இரண்டு முறைதான். பழைய கோப்பைக்குக் கூட ஒரு சிக்கல் உண்டு. சங்கத்தின் முதல் தலைவரான க்ளாரன்ஸ் ஃபான் ரோசன் பெயரில் இருந்தது அது. அவருக்கு நாஜி அனுதாபம் இருந்தது என்ற குற்றச்சாட்டு எழுந்ததும் அந்தக் கோப்பையை ஓரங்கட்டினார்கள். 2001 முதல் வழங்கப்படுவது, ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக நெடுங்காலம் இருந்த லென்னார்ட் யோஹான்சன் பெயரிலான கோப்பை.

தொழில்முறை ஆட்டத்தை ஸ்வீடன் நெடுநாள் அருவருப்போடு பார்த்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியிலிருந்து குன்னார் நோர்தால், நில்ஸ் லீட்ஹோம், குன்னார் க்ரேன் மூவரையும் இத்தாலியின் மிலான் கிளப் அள்ளிச் சென்றது. பணத்துக்கு ஆடப் போனவர்கள் என்பதால் தேசிய அணியின் கதவு அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் மூடியே கிடந்தது. கிளப்புகளில் வீரர்களுக்கு ஊதியம் தருவதைத் தடுத்த விதிகள் 1967இல்தான் நீங்கின. அதுவரை பலம் என்பது வேறு இடத்திலிருந்து வந்தது: ஆலை. ஊரின் தொழிற்சாலை வீரருக்கு வேலை கொடுக்கும், மாலையில் பயிற்சிக்கு விடும். அந்த வகையின் கடைசி உச்சம் ஒட்விடபெரி. சில ஆயிரம் பேர் வாழும் அந்த ஊரில் கணக்கிடும் இயந்திரங்களும் அலுவலகத் தளவாடங்களும் செய்த ஃபாசிட் நிறுவனம் இருந்தது. அதன் தோளில் ஏறி 1972, 1973 என இரண்டு ஆண்டுகள் ஒட்விடபெரி சாம்பியன் ஆனது. அந்த நேரத்திலேயே ஜப்பானிய மின்னணுக் கால்குலேட்டர்கள் சந்தைக்கு வந்துவிட்டிருந்தன. பற்சக்கர இயந்திரங்களை நம்பியிருந்த ஃபாசிட் நிலைகுலைந்து 1973இல் எலக்ட்ரோலக்ஸ் கைக்குப் போனது. அணியும் அதன் பின் சரிந்தது. ஒரு புரவலரை மட்டும் நம்பும் கிளப்புக்கு என்ன நேரும் என்று ஸ்வீடன் அன்றே பார்த்துவிட்டது. பிற்காலத்தில் முதலீட்டாளர்களைக் கண்டால் அது தயங்கியதில் எனக்கு வியப்பில்லை.

வானிலையும் இந்த லீக்கின் குணத்தைத் தீர்மானித்திருக்கிறது. நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே பெரும்பகுதி ஸ்வீடனில் புல்தரை உறைந்து கிடக்கும். ஐரோப்பாவின் மற்ற பகுதிகளைப் போல இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடிக்கும் முறையைத்தான் முதலில் பின்பற்றினார்கள். 1957இல் தொடங்கிய சீசனை 1958 அக்டோபர் வரை ஒரேயடியாக இழுத்து முடித்துவிட்டு, 1959 முதல் வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை என்று மாற்றிக்கொண்டார்கள். இப்போது பதினாறு அணிகள், முப்பது ஆட்டங்கள், மார்ச் இறுதி அல்லது ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை. பல கிளப்புகள் செயற்கைப் புல்லுக்கு மாறிவிட்டன.

லீக் உறங்கும் குளிர்காலத்தில் ஸ்வீடன் மக்கள் எதைப் பார்ப்பது? 1969 முதல் அரசுத் தொலைக்காட்சி சனிக்கிழமைதோறும் இங்கிலாந்து லீக் ஆட்டங்களை நேரடியாக ஒளிபரப்பியது. கால்பந்துப் பந்தயச் சீட்டிலும் அதே ஆட்டங்கள். ஒரு தலைமுறையே ஆங்கிலக் கால்பந்தைப் பார்த்து வளர்ந்த வேளையில் இரண்டு இளம் ஆங்கிலேயப் பயிற்சியாளர்கள் வந்து சேர்ந்தார்கள். 1974இல் மால்மோவுக்கு பாப் ஹௌட்டன். 1976இல் ஹால்ம்ஸ்டாடுக்கு ராய் ஹாட்ஜ்சன். ஆளுக்கு ஆள் காவல் என்ற பழைய முறையை விட்டுவிட்டு, அணி முழுதும் ஒரே அசைவாக முன்னும் பின்னும் நகர்ந்து இடத்தைக் காக்கும் முறையைக் கற்பித்தார்கள். ஆட்டத்தின் அழகு கெட்டுப்போகிறது என்று ஸ்வீடனில் பெரிய சர்ச்சையே நடந்தது. முடிவுகள் வேறு சொல்லின. ஹௌட்டன் மூன்று லீக் பட்டங்கள் வென்று, 1979இல் மால்மோவை, இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் முன்னோடியான ஐரோப்பியக் கோப்பையின் இறுதிப் போட்டிக்கே கொண்டுபோனார். அதில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டிடம் மால்மோ ஒரு கோலில் தோற்றது. இந்திய ரசிகர்களுக்கு இந்த ஹௌட்டன் அந்நியர் அல்லர். 2006 முதல் 2011 வரை இந்திய அணியின் பயிற்சியாளர் அவர்தான். 27 ஆண்டு இடைவெளிக்குப் பின் இந்தியா ஆசியக் கோப்பையில் ஆடியது அவர் காலத்தில்தான்.

அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட உள்ளூர்க்காரர் ஸ்வென்-யோரான் எரிக்சன். 1982இல் அவருடைய ஐ.எஃப்.கே. கோதன்பர்க், ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூஈஎஃப்ஏ கோப்பை இறுதியில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கை இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 4-0 என வீழ்த்தியது. வீரர்களில் பலர் வேறு வேலையும் பார்த்தவர்கள். 1987இல் அதே கிளப் மீண்டும் அக்கோப்பையை வென்றது. 1994-95 சாம்பியன்ஸ் லீக்கில் பார்சிலோனாவும் மான்செஸ்டர் யுனைடெட்டும் இருந்த பிரிவில் முதலிடம் பிடித்தது. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் பாஸ்மன் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் தடையின்றிக் கிளப் மாறலாம், ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஒரு நல்ல அணியை ஐந்தாண்டு சேர்த்து வைத்திருப்பது ஸ்வீடன் கிளப்புக்கு அதன்பின் இயலாத காரியம். சீசன் நடுவே, ஜூலை ஆகஸ்டில் வீரர்களை வாங்கி விற்கும் ஐரோப்பியச் சந்தை திறக்கும்போது, பட்டத்துக்குப் போட்டியிடும் அணியின் சிறந்த முன்கள வீரரே விடைபெற்றுப் போய்விடுவார். அலெக்சாண்டர் இசாக் ஏ.ஐ.கே. அணிக்காக அல்ஸ்வென்ஸ்கானில் ஆடியது ஒரே ஒரு சீசன். 2025இல் லிவர்பூல் அவருக்கு 12.5 கோடி பவுண்டு கொடுத்தது.

இந்தப் பின்னணியில்தான் லீக்கின் சமநிலையைப் பார்க்க வேண்டும். 2005 முதல் 2011 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு சாம்பியன்கள்: யூர்கோர்டன், எல்ஃப்ஸ்போரி, கோதன்பர்க், கால்மர், ஏ.ஐ.கே., மால்மோ, ஹெல்சிங்போரி. உறுப்பினர் விதிதான் இந்தச் சமத்துவத்தைத் தந்தது என்று அப்போது எளிதாகச் சொல்லியிருக்கலாம். அடுத்து வந்த ஆண்டுகள் அந்த எண்ணத்தைக் கலைத்தன. 2013 முதல் 2024 வரை எட்டுப் பட்டங்கள் மால்மோவுக்கே. அதுவும் உறுப்பினர்களுடைய கிளப்தான்; பெருமுதலாளி யாரும் வாங்கிவிடவில்லை. 2014, 2015, 2021 என மூன்று முறை சாம்பியன்ஸ் லீக் பிரிவுச் சுற்றுக்குள் நுழைந்ததில் கிடைத்த பணம், மற்றவர்கள் எட்ட முடியாத உயரத்துக்கு அதைத் தூக்கிவிட்டது. ஐரோப்பியக் கூட்டமைப்பு ஒரு கிளப்புக்குத் தரும் காசோலை, ஸ்வீடன் ஒளிபரப்பு உரிமையிலிருந்து கிடைப்பதைவிடப் பெரிதாக இருக்கும்போது உள்நாட்டு விதியால் என்ன செய்ய முடியும்? இடையிடையே சிலர் புகுந்தார்கள்: 2015இல் நார்ஷோப்பிங், 2022இல் கோதன்பர்க்கின் ஹெக்கன். 2023இல் கடைசி நாளில் மூன்று புள்ளி முன்னிலையோடு மால்மோவுக்கே ஆட வந்தது எல்ஃப்ஸ்போரி. 1-0 எனத் தோற்று, கோல் வித்தியாசத்தில் பட்டத்தைக் கோட்டைவிட்டது.

பிறகு வந்தது ம்யெல்பி. நாட்டின் தென்கோடியில், ப்லேக்கிங்கே மாகாணத்தின் கடற்கரையில், ஹெல்லெவிக் என்ற மீனவக் கிராமம். ஏறக்குறைய எண்ணூறு பேர் வாழ்கிறார்கள். பால்டிக் கடலை ஒட்டிய அதன் மைதானத்தில் ஊரைப்போலப் பல மடங்கு கூட்டம் கொள்ளும். 2016இல் இந்தக் கிளப் மூன்றாம் நிலையில் இருந்தது, நான்காம் நிலைக்கு இறங்காமல் தப்பியது மயிரிழையில், கஜானா காலி. அங்கிருந்து ஏறிவந்து, 2023இல் ஸ்வீடன் கோப்பையின் இறுதிக்கு வந்து ஹெக்கனிடம் தோற்றது. 2024 லீக்கில் ஐந்தாம் இடம். 2025 அக்டோபர் 20 அன்று ஐ.எஃப்.கே. கோதன்பர்க்கை அதன் சொந்த மைதானத்திலேயே 2-0 என வென்று, மூன்று ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே சாம்பியன் ஆனது. சீசன் முழுவதும் ஒரே ஒரு தோல்வி. 75 புள்ளிகள், லீக் வரலாற்றில் அதுவரை யாரும் எடுக்காதவை.

தலைமைப் பயிற்சியாளர் ஆண்டர்ஸ் டோர்ஸ்டென்சன் முன்பு ராணுவ அதிகாரியாகவும் பள்ளித் தலைமை ஆசிரியராகவும் இருந்தவர். துணைப் பயிற்சியாளரான நார்வேக்காரர் கார்ல் மாரியஸ் அக்சும், கால்பந்து வீரர்கள் களத்தில் எதை, எப்போது பார்க்கிறார்கள் என்பதை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். பந்து காலுக்கு வருமுன் சுற்றிலும் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தை அணிக்குள் புகுத்தினார். அணித்தலைவர் யெஸ்பர் குஸ்டாவ்சன் அந்த வட்டாரத்துப் பையன். தேவதைக் கதை என்று உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. கடன் வாங்காமல், தகுதியான ஆட்களை மலிவாகத் தேடிப்பிடித்துச் செய்த வேலை இது. 51 சதவீத விதி பட்டத்தை வாங்கித் தரவில்லை. ஆனால் ம்யெல்பி இப்படிப் பொறுமையாக ஏறிவந்த காலத்தில், பெரிய நகரக் கிளப் எதையும் ஒரு எண்ணெய் நாட்டு நிதியம் வாங்கி எட்ட முடியாத உயரத்தில் வைத்துவிடவில்லை. விதியின் பயனை இதற்கு மேல் நீட்டிச் சொல்வது நேர்மையாகாது.

மால்மோ அந்த ஆண்டு முதல் மூன்று இடங்களுக்குள்ளேயே வரவில்லை. இன்னொரு முனையில், நோர்தாலும் லீட்ஹோமும் ஆடிய, 13 முறை சாம்பியனான நார்ஷோப்பிங் தகுதிகாண் ஆட்டங்களில் கோதன்பர்க்கின் பழம்பெரும் ஒர்க்ரீட்டேவிடம் தோற்று இரண்டாம் நிலைக்கு இறங்கியது.